புகை வராத வெடி

காலை பதினொரு மணி. டீ கிளாஸை வாயருகே கொண்டுபோன சப் இன்ஸ்பெக்டர் வேல்விழி அப்படியே நின்றுவிட்டாள். எந்தப் பக்கமென்று தெரியவில்லை, தெருவே அதிரும்படி ஒரு வெடிச் சத்தம்.

சிவகாசியில் இப்படியொரு சத்தம் கேட்டால் யாரும் நின்று யோசிப்பதில்லை. கடைக்காரர் பாய்லரை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்தார். வேல்விழியும் எடுத்தாள். சீருடையெல்லாம் அப்புறம்தான். அவள் அம்மா நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிறவள். உள்ளே போனுக்கு அனுமதி கிடையாது. கேட் வாட்ச்மேனுக்குத்தான் போட வேண்டும். லைன் கிடைத்தால்தானே? பிஸி, பிஸி என்றே வந்து, கடைசியில் கிடைத்தது.

"ஒங்க அம்மா நல்லா இருக்காக தாயி. இங்கன ஒண்ணுமில்ல" என்றார் வாட்ச்மேன்.

அதற்கப்புறம்தான் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

வானத்தில் எந்தப் பக்கமும் புகை இல்லை. எதிரே, சினிமா இசைப்பதிவு நடந்துகொண்டிருந்த கல்யாண மண்டபத்திலிருந்து வயலின்காரர்களும் சர்ச் பாடகர் குழுவும் ரோட்டுக்கு ஓடிவந்து நின்றிருந்தார்கள். சற்று நேரத்தில் உள்ளே திரும்பிய இசையமைப்பாளர் ஜெயசுந்தர், தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஹார்ட் டிஸ்க்கக் காணோம் மேடம்."

ஜெயசுந்தர் இந்த ஊர்க்காரர். அவர் இசையமைத்த சண்டைப் படம் சக்கைப்போடு போட்டதால், இப்போது இரண்டாம் பாகம். கிளைமாக்ஸுக்கு நிஜ வெடியும் தான் பாடி வளர்ந்த சர்ச் குழுவும் வேண்டுமென்று மொத்த ஆர்க்கெஸ்ட்ராவையும் இங்கே இறக்கியிருந்தார். வெளியே கசிந்துவிடும் என்று பயந்து, பதிவு செய்த இசைக்கு வேறு நகல் எடுக்கவில்லை. எல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில்.

"சாயந்திரம் அது சென்னைக்குக் கிளம்பணும். இல்லன்னா வேற ஆளப் போட்டுருவோம்னு புரொடியூசர் சொல்லிட்டாரு. என் கதை முடிஞ்சுது மேடம்."

வேல்விழி தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். சுற்றுவட்டாரத்தில் எங்கும் விபத்து இல்லை. மண்டபத்தின் பின்புறம் சமையற்கட்டுக்குப் போனாள். அங்கே ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் தெருவைப் பார்த்து நின்றன. ஆம்ப்ளிஃபயரைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடாக இருந்தது.

"நேத்து நீங்க பதிவு பண்ணுன வெடி யார் யார்கிட்ட இருக்கு?"

மூன்று பேர் பென்டிரைவில் இருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

முதலில் சென்னையிலிருந்து வந்த உதவியாளன் அன்பரசன். டிஸ்க் இருந்த அறையின் பொறுப்பாளி. "லாரி டயர் வெடிச்சுதுன்னு நெனச்சேன் மேடம். எல்லாரும் ஓடினாங்க, நானும் ஓடினேன்."

"யாருக்காவது போன் பண்ணினியா?"

"நான் யாருக்குப் பண்ணணும்?"

"இவன்தான் மேடம். நேத்து என்கிட்ட சண்ட போட்டான்" என்று ஜெயசுந்தர் பாய்ந்தார். அன்பரசன் அழாத குறை.

அடுத்தவர் புரொடக்‌ஷன் மேனேஜர் மணிகண்டராஜ், விருதுநகர்க்காரர். "எங்க அக்கா விஸ்வநத்தத்துல பட்டாசு வேல பாக்குறாக. கேட்டுக்கு லைன் கிடைக்கல. பைக்க எடுத்துட்டேன் மேடம், பாதி வழியில, கேட்டுல இருந்து அவுக பேசுன பிறகுதான் திரும்புனேன்."

கடைசியாக மைக்செட் காளீஸ்வரன். "அவரு நம்ம ஆளு. முதல் பாகத்துக்கு உறுமி அடிச்சுக் குடுத்ததே அவருதான்" என்று ஜெயசுந்தர் பரிந்து பேசினார்.

"ஈரக்கொலையே நடுங்கிருச்சு தாயி" என்றார் காளீஸ்வரன். "ரோட்டுல நின்னு, நாரணாபுரம் பக்கம் புகை தெரியுதான்னே பாத்துக்கிட்டு இருந்தேன்."

வேல்விழி வண்டியை எடுத்துக்கொண்டு நாரணாபுரம் போனாள். அங்கே யாராவது வெடி போட்டுப் பார்த்தார்களா என்று நேரில் கேட்டுவிட வேண்டும். சாப்பாட்டு நேரம், வேப்பமரத்தடியில் தூக்குவாளிகளோடு பெண்கள்.

"இங்கன சத்தமே கேக்கல தாயி, போன்தான் ஓயாம வந்துச்சு" என்றார் வாட்ச்மேன். "ஒவ்வொருத்தியா பேரச் சொல்லிக் கூப்பிட்டு எந்தொண்டையே போச்சு."

"சோலையம்மா பேர மட்டும் கூப்பிடல" என்று ஒருத்தி சீண்டினாள். "ஏளா, ஒன் வீட்டுக்காரக ஒன்னய மறந்துட்டாக."

சோலையம்மாள் சிரித்தபடி சோற்றைப் பிசைந்தாள். "மண்டபத்துல மைக்செட் போட்டுருக்காகல்ல, வேல மும்முரமா இருப்பாக." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கை மட்டும் பிசைந்துகொண்டே இருந்தது.

வேல்விழி அம்மாவின் வாளியிலிருந்து ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

மூன்று மணிக்கு மண்டபத்தில் எல்லோரையும் உட்கார வைத்தாள்.

"வெடிச்சது ஸ்பீக்கர். எல்லாரும் வெளிய ஓடணும், ரூம் காலியாகணும், அதுக்குத்தான் போட்டிருக்காக. அதப் போட்டவருக்கு மட்டும் அது நிஜ வெடியில்லன்னு தெரியும். காளீஸ்வரன் அண்ணே, பயந்துபோய் நாரணாபுரம் பக்கம் பாத்தேன்னீகளே, ஒங்க வீட்டுல எங்க வேல பாக்குறாக?"

"நாரணாபுரத்துலதான்."

"கேட்டுக்குப் போன் போட்டீகளா?"

அவர் முகம் மாறியது. "பதட்டத்துல மறந்துட்டேன் தாயி."

"மணிகண்டராஜ் அக்காவுக்காகப் பைக்க எடுத்துட்டாரு. நான் யூனிபார்மோட எங்க அம்மாவத் தேடுனேன். இந்த ஊர்ல வெடிச்சா வீட்டாள மறக்குறவுக யாரு அண்ணே? அவுகளுக்கு ஒண்ணும் ஆகலன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியும். அதான் கை போனுக்குப் போகல."

காளீஸ்வரன் எழுந்தார். பின்கட்டுக்குப் போய், ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் முதுகுப் பலகையைத் திருகிக் கழற்றி, டிஸ்க்கை எடுத்துவந்து ஜெயசுந்தர் மடியில் வைத்தார்.

"முதல் பாகத்துல நான் அடிச்ச அடி. ஊரே அதத்தான் ரிங்டோனா வச்சுருக்கு. டைட்டில்ல எம்பேரு இல்ல. இதுலயும் இல்ல. பேரப் போடுற வரைக்கும் குடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன், அம்புட்டுதான்."

"என்கிட்ட சொல்லியிருந்தா..."

"சொன்னேன். பாப்போம்னீக."

ஜெயசுந்தரால் அன்பரசன் பக்கம் நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.

வேல்விழிக்குக் கோபம் தணியவில்லை. காளீஸ்வரன் ஒருத்தர் பேருக்காக ஊரில் எத்தனை பேர் பதறிப்போய்ப் போனைத் தேடினார்கள்! கேஸ் எழுதத்தான் போகிறாள். ஆனாலும் தன் போனில் கேட் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை ஆன் செய்து அவரிடம் நீட்டினாள்.

"மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல பேசுங்க அண்ணே."

வாட்ச்மேன் சோலையம்மாள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. யாரோ ஓடிவரும் காலடிச் சத்தம். பேச வந்தவள் முதலில் அவரிடம் பேசவில்லை; அந்தப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்.

"ஏளா, பாத்தீகளா, எங்க வீட்டுக்காரக போன் போட்டுட்டாக."