யாரு காப்பி குடுத்தது?

இழவு வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் "எப்படி நடந்துச்சு?" என்று கேட்பதில்லை. "யாரு காப்பி குடுத்தது?" என்றுதான் கேட்கிறார்கள். மாரப்பன் செத்த வீட்டிலும் அவர் தங்கை நுழைந்ததும் அதைத்தான் கேட்டாள்.

"நாந்தான் குடுத்தேன்," என்றாள் அவர் மனைவி பூங்கோதை. கட்டிக்கொண்டு அழ வந்த நாத்தனார் கையை எடுத்துக்கொண்டாள்.

ஏற்காட்டில் கையில் காப்பட்டை கட்டாத ஆள் கிடையாது. சாயங்காலமானால் அது புஜத்தை இறுக்கி, ரத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத் தளரும். அதில் ஒரு சேதி கிளம்பி, இதயச் செல்களின் மேலிருக்கும் ஏற்பிகளில் போய் உட்காரும். மாரடைப்பில் அடைப்பை எடுத்து ரத்தம் திரும்பப் பாய்கிற நேரத்திலும் செல்கள் கொத்துக்கொத்தாகச் சாகுமே, பட்டைக்குப் பழகிய இதயத்தில் சாகாது. ஒரே ஒரு தொல்லை. காப்பியும் அதே ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும், சேதிக்கு இடமிருக்காது. அதனால் மலை முழுக்கக் காப்பிச் செடியைப் பிடுங்கி எறிந்தார்கள், பாவிகள்.

மாரப்பன் காப்பித் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனுஷன். கொல்லையில் ஒரே ஒரு செடியை அவரைக்கொடிப் பந்தலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

"ஏம்புள்ள, ஒரே ஒரு வாய்," என்று கெஞ்சுவார்.

"பேசாம இருங்க. உசுரோட விளையாடாதீங்க," என்று அவளும் வருஷக்கணக்காக அதட்டித்தான் வந்தாள்.

போன பொங்கலன்று மனசு கேட்கவில்லை. வறுத்து, இடித்து, ஒரு டம்ளர் போட்டுக் கொடுத்தாள். அடடா, அந்த முகத்தில் வந்த சிரிப்பு! கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்ததில்லை. அப்புறம் ஒரு நாளும் அவளால் மறுக்க முடியவில்லை. அவள் மட்டும் எதிரே வெந்நீரோடு உட்கார்ந்துகொள்வாள். ரெண்டு பேரும் விழுந்துவிட்டால் அவரை யார் பார்ப்பது என்கிற பயம்.

நேற்று மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் அடைப்பைச் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். ரத்தம் திரும்பப் பாய்ந்தது. இதயம்தான் மீளவில்லை.

"ரத்தத்துல காப்பி இருக்கும்மா," என்றாள் டாக்டர் ரெஜினா.

"ஆசையாக் கேட்டாருங்க."

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பட்டை வர்றதுக்கு முன்னால எங்கப்பாவும் இப்படித்தாம்மா போனாரு. தலையெழுத்துன்னு அழுதோம். யாரையும் கைகாட்ட வேண்டியிருக்கல."

அடக்கம் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். நாத்தனார் சொல்லிக்கொள்ளாமலே போனாள். பூங்கோதை அவருடைய டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலமானதும் அவள் பட்டை புஜத்தை இறுக்கித் தளர்ந்தது. அதன் குரல் வழக்கம்போல் இனிமையாகப் பேசியது.

"வாழ்த்துகள், பூங்கோதை அம்மா. உங்கள் ஏற்பிகள் சுத்தமாக இருக்கின்றன. எப்பேர்ப்பட்ட அடைப்பு வந்தாலும் உங்கள் இதயம் மீண்டுவிடும்."

"ஐயோ, வேண்டாமே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பட்டை மறுபடியும் இறுக்க ஆரம்பித்தது.