புகைக்குழாயில் மூன்று தட்டு

ரோவில் என்ற புறநகரில் அந்த வீட்டு வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைத் தாண்டி உள்ளே நுழைந்த வாசுதேவனின் முகத்தில் முதலில் அறைந்தது துக்கமல்ல, குளிர். ஜூலை மாதத்துப் பின்னேரம்; இந்த நாட்டில் அதுதான் நடுக்குளிர்காலம். சாம்பிராணிப் புகை, நனைந்த கோட்டுகளின் நெடி, கூடத்தில் விரித்த பாயில் தங்கை நிரூபா. சுவரோரம் அவள் கணவன் சுபாங்கனின் மாலை போட்ட படம். படத்துக்குப் பக்கத்தில் அணைந்து கிடந்தது அந்தப் பெல்லட் அடுப்பு.

வாசுதேவனின் உதடு கோணியது.

கோழித்தீனி மாதிரி மரத்தூள் உருண்டைகளைத் தின்று எரிகிற இரும்புப் பெட்டி. யாரோ கழித்துவிட்டதைத் தூக்கிவந்து சுபாங்கன் தன் கையாலேயே பூட்டியிருந்தான். களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். அட்டைப்பெட்டி நசுக்கும் இயந்திரத்துக்கு மோதிர விரலில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்த சமர்த்தன். மாடிக் கட்டடங்களுக்குக் காற்றோட்டம் வடிவமைக்கிற பொறியியலாளர் ஒருவர் மைத்துனராக இருக்கிறாரே, ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றியதா அவனுக்கு? தோன்றவில்லை. முந்தாநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போயும் சேர்ந்துவிட்டான்.

"ஏன் இதைப் போடேல்லை? பிள்ளை விறைக்குது" என்றான் வாசுதேவன். ஐந்து வயது வினுஷா தாயின் சால்வைக்குள் சுருண்டிருந்தாள்.

சாப்பாடு கொண்டு வந்திருந்த பக்கத்து வீட்டுச் சிவமணி அன்ரி குரலைத் தாழ்த்தினார். "பிரேதம் எடுக்குமட்டும் வீட்டிலை அடுப்பு மூட்டுறேல்லைத் தம்பி."

"அன்ரி, இது சோறு காய்ச்சுற அடுப்பில்லை. ஹீட்டர். வியாழக்கிழமைதான் பிரேதம் எடுக்கிறது. அதுமட்டும் விறைச்சுச் சாகிறதோ?"

"அதுக்கில்லை அண்ணா" என்றாள் நிரூபா. "நேற்று நான் போட்டனான். பத்து நிமிசத்திலை தானா நிண்டுட்டுது. அவர் ஒவ்வொரு நாளும் ஐஞ்சரைக்குச் சாம்பல் அள்ளிப்போட்டு, குழாயிலை மூண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பார். சத்தம் சரியில்லையெண்டால் கொளுத்த மாட்டார்."

"தட்டிப் பார்ப்பாரோ? உன்ரை மனுசன் என்ன, டொக்டரோ?"

யாரும் சிரிக்கவில்லை. அவனே சிரித்துக்கொண்டான்.

வந்திருந்தவர்கள் ஐந்து மணிக்குக் கலைந்தார்கள். வாசுதேவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குந்தினான். எரிகிண்ணத்தின் துளைகளைக் குத்தித் துப்பரவாக்கினான். கொளுத்தினான். தீ பிடித்தது, பத்தாவது நிமிடம் செத்தது. திரையில் காற்றோட்டக் கோளாறு என்று எழுத்து ஓடியது. குழாயில் காற்று போதாவிட்டால் அடுப்பை நிறுத்துவதற்கென்றே உள்ளே ஒரு சுவிட்ச் உண்டு. வெளியே போய்ப் புகைக்குழாயின் வாயைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் மழை தூறியது. சப்பாத்தும் புதிது.

"சுவிட்ச் பழுது. மலிவுச் சாமான்" என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு துண்டு வயரால் சுவிட்சைத் தாண்டி இணைப்புக் கொடுத்தான்.

அடுப்பு எரிந்தது. நிற்காமல் எரிந்தது.

"பார்த்தியோ? இதுக்குத்தான் படிச்சிருக்க வேணும்."

ஆனால் தீயில் துடிப்பில்லை. செம்மஞ்சளாக, சோம்பலாக, நாக்கை நீட்டி நக்கியது. கண்ணாடி மெல்ல மெல்லக் கறுத்தது.

டங்.

டங். டங்.

குழாயிலிருந்து வந்தது. சுவர்க்கடிகாரத்தில் ஐந்தரை.

நிரூபா நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணா..."

"இரும்பு சூட்டிலை விரியுது. விசர்க்கதை கதையாதை."

கூரையில் சுபாங்கன் பொருத்தியிருந்த நச்சுவாயு அலாரம் கீச்சிட்டது. அதையும் அவனே வாங்கிப் பூட்டியிருந்தான், பயந்தாங்கொள்ளி. வாசுதேவன் கதிரையில் ஏறி பற்றரியைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டான்.

கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு விண்விண் என்றது. சாம்பிராணியைத் திட்டினான். நிரூபா பாயில் சாய்ந்திருந்தாள். வினுஷாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"பிள்ளை நித்திரையோ?"

பதில் இல்லை.

கறுத்த கண்ணாடியில் ஏதோ அசைந்தது. உள்ளிருந்து. எரிகிற தீக்கும் கண்ணாடிக்கும் நடுவே, கரியை யாரோ நிதானமாகத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். ஓர் உள்ளங்கை பதிந்தது. கட்டைவிரல். சுட்டுவிரல். நடுவிரல்.

மோதிர விரல் பாதியில் நின்றது.

அடுப்பு அணைந்தது.

அவன் போட்ட வயர் தரையில் கிடந்தது. கழன்று விழுந்ததல்ல. சுருட்டி, அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அப்போதும் அவனுக்குப் பயம் வரவில்லை, கோபந்தான் வந்தது. செத்த பிறகும் எனக்குப் படிப்பிக்கிறாயோ? வயரைப் பொறுக்கிக்கொண்டு கையை மறுபடி உள்ளே விட்டான்.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

இவ்வளவு நேரம் எரிந்த அடுப்புக்குள் அந்தக் கை ஐஸாகக் குளிர்ந்தது. இறுக்கியது. பிறகு தள்ளியது. மல்லாக்க விழுந்த வாசுதேவன் தவழ்ந்து போய் வாசற்கதவைத் திறந்தான். மழைக்காற்று உள்ளே பாய்ந்தது. வினுஷாவைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் விழுந்தான். பிள்ளை இருமி, வாந்தியெடுத்து, வீறிட்டு அழுதாள். நிரூபா சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அடுப்புத் திருத்த வந்த நிதுஷன், காற்றில் கூரையிலிருந்து சரிந்து வெளியே புகைக்குழாயின் வாயை அடைத்திருந்த ஒரு பழைய குருவிக்கூட்டை இழுத்துப் போட்டான். பின்மூடியைக் கழற்றியவன், சுவிட்சின் முனைகளில் வயர் சுற்றிய தடத்தைக் கண்டு முகத்தைச் சுளித்தான்.

"ஆரோ ஒரு மொக்கன் சுவிட்சுக்குக் குறுக்காலை வயர் குடுத்திருக்கிறான். இன்னும் அரை மணித்தியாலம் எரிஞ்சிருந்தால் மூண்டு பிரேதம் அக்கா. நல்ல காலம், ஆர் நிப்பாட்டினது?"

"நான்தான்" என்றான் வாசுதேவன்.

நிரூபா அவனைப் பார்த்தாள். அவன் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மறைத்துக்கொண்டான். அங்கே கரியில் நாலு விரலும் ஒரு பாதி விரலும் பதிந்திருந்தன. மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை.

வியாழக்கிழமை தகனம் முடிந்தது. "சுபாங்கனுக்கு அடுப்பைப் பற்றி என்ன தெரியும்" என்று காரில் மனைவியிடம் சொல்லிக்கொண்டே கிளென் வேவர்லியிலுள்ள தன் வீட்டுக்கு வந்தான். நல்ல வீடு. எரிவாயு ஹீட்டர், தரையோடு தரையாகக் காற்று வரும் வாய்கள், எல்லாம் அவனே வடிவமைத்தது. பெல்லட் அடுப்பு இல்லை. புகைக்குழாய் இல்லை.

ஹீட்டரைப் போடக் கையை நீட்டினான். மணிக்கட்டுக் கரி ஈரமாகப் பளபளத்தது, இப்போதுதான் பிடித்து விட்டது போல.

கைபேசியில் மணி ஐந்து முப்பது.

காலடியில், தரைக்குள்ளிருந்து, இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம்.

டங். டங்.

மூன்றாவது தட்டுக்காக அவன் காத்து நின்றான்.

அது அவனுக்குப் பின்னால் கேட்டது.