நாற்பதுக்குக் கீழே

காலை ஒன்பது மணிக்கு அஞ்சல் நிலைய வாசலில் சகாயமேரியின் மணிக்கட்டுப் பட்டை முப்பத்தொன்று என்று காட்டியது. குறைந்தது நாற்பது இருந்தால்தான் இலகுப் பணி. வாசல் திரை அவள் பெயரைத் தபால் பிரிப்பு மேசையிலிருந்து எடுத்து மூன்றாம் விநியோகச் சுற்றில் போட்டது. எழுநூறு படிகள், பன்னிரண்டு கிலோ பை.

“வலி குறையலண்ணே,” என்றாள் தொழிற்சங்கச் செயலாளர் திரவியத்திடம். “எந்திரிக்கும்போது அதே வலிதான். இதுல மட்டும் எப்படிக் குறைஞ்சுது?”

மேரி இரண்டு ஆண்டுகளுக்கு முன் மழையில் வழுக்கி விழுந்தவள். முதுகெலும்பின் அடியில் ஒரு தட்டு நசுங்கிவிட்டது. ஆளில்லா விமானங்கள் பனிமூட்டத்தில் இறங்க முடியாத மலைக் குடியிருப்புகளுக்கு இன்னும் மனிதர்கள்தான் தபால் சுமந்தார்கள். அடிபட்டவர்கள் மருத்துவர் சீட்டோடு போனால், நடிப்பு என்று சொல்லி அதிகாரிகள் திருப்பி அனுப்பிய காலம் அது.

அதை எதிர்த்துத்தான் திரவியம் வலிமானி கேட்டுப் போராடினார். வலிக்கு மூளை காட்டும் பதற்றத்தை நாடி வழியே படித்து, நூற்றுக்குள் ஓர் எண்ணாகச் சொல்லும் பட்டை அது. மாதத்தின் முதல் நாள் வாசலில் காட்டும் எண்ணே அந்த மாதத்துப் பணியை முடிவு செய்யும். வந்த முதல் மாதமே பதினொரு பேருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தது. மேரி அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இப்போது அவளுக்காகத் திரவியம் முறையீடு எழுதினார். விசாரணையில் நிலைய மேலாளர் வைதேகி குரலை உயர்த்தாமல் பேசினார்.

“ரொம்ப நாள் வலியோட இருந்தா மூளை பழகிடும் சார். பதறாது. வலிமானி பதற்றத்தைத்தான் அளக்கும்.”

“அப்ப வலி இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க.”

“நான் ஒத்துக்கிட்டு என்ன ஆகப்போவுது? யாரோட வாய்வார்த்தையையும் ஏத்துக்கக்கூடாது, கருவி சொல்றதே முடிவு. ஒப்பந்தத்துல இந்த வரி நீங்க எழுதினது.”

ஆமாம், அவர் எழுதியதுதான். அதிகாரிகளின் வாயை அடைக்க எழுதிய வரி.

மேரி அந்த மாதம் முழுக்கப் படியேறினாள். அடுத்த மாதம் முதல் தேதி திரவியம் சீக்கிரமே வந்தார். நிலையத்தின் பின்பக்கப் படிகளில் நான்கு பேர் மூட்டைகளோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அடிபட்டவர்கள். ஒருத்தி மேரி. உதட்டைக் கடித்திருந்தாள்.

“என்ன பண்றே மேரி? இறக்கி வை.”

“பழைய வலிய இது எடுத்துக்க மாட்டேங்குதுண்ணே. புதுசா வேணுமாம்.”

அவர் மூட்டையைப் பிடுங்கினார். அவள் விடவில்லை. ஒன்பது மணிக்கு அவள் பட்டை ஐம்பத்தெட்டு காட்டியது. பிரிப்பு மேசை திரும்பக் கிடைத்தது. ஆனால் மூட்டை சுமந்ததில் நசுங்கிய தட்டு இடம் விலகியிருந்தது. அரை மணிக்கு மேல் அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. மேசையில் கையூன்றி நின்றபடி தபால்களைப் பிரித்தாள்.

வலிமானியை நீக்கச் சொல்லி மனு தயாரித்து, திரவியம் முதலில் அவளிடம்தான் கொண்டுபோனார். எழுதி முடிக்க அவருக்குப் பல நாள் ஆகியிருந்தது. தப்பு என்னுடையது என்று தொடங்கும் மனு.

மேரி நின்றபடியே படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“இதையும் எடுத்துட்டா, வலிக்குதுன்னு நான் சொன்னா யாருண்ணே நம்புவா?”

“நான் நம்புவேன்மா.”

சொல்வதற்கு முன் அவர் கண்கள் அவளுடைய மணிக்கட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தன. மேரி அதைப் பார்த்துவிட்டாள். சட்டைக் கையை இழுத்துப் பட்டையை மூடிக்கொண்டாள்.