படம் நிற்கவில்லை

கைப்பேசியில் தெரிந்த அம்மாவின் அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு என்று வீடு இருக்கும் தெற்குவாசல் முழுக்கக் காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். இன்வெர்ட்டர் இணைப்பு ஆக்ஸிஜன் மெஷினுக்கும் கேமராவுக்கும் மட்டும்தான், விசிறிக்குக் கிடையாது. ஆபீஸ் மேசையில் நிலோபர் படத்தை உற்றுப் பார்த்தாள். படம் நின்றால் பேட்டரி தீர்ந்துவிட்டது, உடனே ஓடிவிடலாம் என்ற தைரியத்தில்தான் அம்மாவைத் தனியே விட்டு வேலைக்கு வந்திருந்தாள்.

"அண்ணே, எங்க வீட்டு நெட் லைனக் கொஞ்சம் பாருங்க."

பக்கத்து மேசை சிவபாண்டி கணினியில் தட்டிப் பார்த்தார். "லைன் செத்து ஒரு மணி நேரம் ஆச்சே தங்கச்சி."

"அப்ப இந்தப் படம்?"

அவர் திரையில் தெற்குவாசல் சுவிட்சைச் சுட்டிக்காட்டினார். தெருமுனைப் பெட்டிகளில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்சுகளுக்கு வருவதை வாங்கி அனுப்புவதுதான் வேலை. இவர்கள் இருவரும் அவற்றுக்குக் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். வீடியோ அறுந்தால் அடுத்து என்ன தெரியும் என்று கணக்கிட்டு அவையே வரைந்து நிரப்பும், ஓரிரு நொடிக்கு. அதைச் சொல்லிச் சொல்லி எம்புட்டுப் பீற்றிக்கொண்டார்கள்!

காளவாசல் சிக்னலில் வெயிலும் டீசல் புகையும் முகத்தில் அடிக்க, பேருந்துகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே, ஸ்கூட்டரில் மாட்டியிருந்த கைப்பேசியில் அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் என்று தெரியும். இருந்தும் அது நின்றுவிடக் கூடாதே என்று பயந்தாள்.

கதவைத் திறந்தாள். புழுக்கம். தைல வாடை. மெஷின் சத்தம் இல்லை.

அம்மா கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தாள். குழாய் மூக்கிலேயே இருந்தது. நகங்கள் நீலம். ஒரு கை வாசல் பக்கம் நீண்டிருந்தது. தொட்டாள். அசைவில்லை.

கைப்பேசியில் அம்மா நிம்மதியாகத் தூங்கினாள். படத்தில் அந்த அறைக் கதவும் திறந்தது. நிலோபர் உள்ளே வந்தாள். இதே நீலச் சுடிதார். கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் தலையைக் கோதிவிட்டாள். பிறகு மூக்கில் இருந்த குழாயைப் பிடித்தாள்.

சிவபாண்டியின் அழைப்பு வந்தது.

"லைன் வந்துருச்சு தங்கச்சி, ஒங்க வீட்டுக் கேமராவ ஆபீஸ்ல எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான்... ஏய், என்ன பண்ற? குழாயப் பிடுங்காத! அவுங்க துடிக்கிறாங்க, கைய எடு!"

நிலோபர் தன் கைகளைப் பார்த்தாள். ஒன்றில் கைப்பேசி, இன்னொன்று அம்மாவின் சில்லிட்ட கன்னத்தில். தலைக்கு மேலே விசிறி அசையவில்லை. கேமராவில் விளக்கு இல்லை.

படத்தில் அம்மா கால்களை உதறினாள். உட்கார்ந்திருந்தவள் கையை எடுக்கவே இல்லை.