மாப்பிள்ளையைக் காணோம்

காலை ஒன்பது மணிக்குக் காவல் நிலையத்தில் தொலைபேசி அடித்தது. ஏட்டம்மா எடுத்தார்.

"மேடம், எங்க பள்ளிக்கூடத்துல ஒருத்தரைக் காணோம்" என்றது ஒரு பெண் குரல். அழுகையை விழுங்கிக்கொண்டு பேசும் குரல்.

"ஆள் எப்படி இருப்பார்?"

"ஒல்லியா இருப்பார்."

"என்ன போட்டிருந்தார்?"

"ஒண்ணும் போடலை மேடம்."

ஏட்டம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கடைசியா எப்ப உயிரோட பார்த்தீங்க?"

"உயிரோட யாருமே பார்த்ததில்லை மேடம். அது எலும்புக்கூடு."

வழக்கமாக இந்த மாதிரிக் கதைகளில் முதல் பத்தியிலேயே ஒரு பிணம் கிடைத்துவிடும். இங்கே இருந்த பிணமும் தொலைந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் தொலைபேசியை வைத்திருப்பார். ஏட்டம்மா அப்படி இல்லை. திருடுபோன பேருந்து ஒன்றை, அதிலேயே டிக்கெட் எடுத்து உட்கார்ந்துகொண்டு கண்டுபிடித்தவர்.

"ஒரு எலும்புக்கூட்டுக்கா இப்படி அழறீங்க?"

"மதியத்துக்குள்ள கிடைக்கலேன்னா என் வேலை போயிடும் மேடம்."

ஏட்டம்மா ஜீப்பை எடுத்தார்.

பள்ளிக்கு விடுமுறை. பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் நடந்தால், சொந்தச் செருப்புச் சத்தமே பின்னால் யாரோ வருவதுபோலக் கேட்கும். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அதுதான் வருத்தம்.

ஆய்வக வாசலில், தொலைபேசியில் அழுத உதவியாளர் நின்றிருந்தார். எல்லோருக்கும் அவர் லேப் அக்கா. குழாயும் குடுவையும் கழுவிக் கழுவியே கை வெளுத்துப் போன பெண்மணி. போன மாதம் நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியதை அவர்தான் சொன்னார். நிதி இறுகிவிட்டதாம். நிர்வாகம் ஆசிரியர்களைத் தொடவில்லை, தொட்டால் பேசுவார்கள். பேசாதவர்களாகப் பார்த்துக் கை வைத்திருந்தது. குமாஸ்தா கணினித் தேர்வில் தேற வேண்டும். ஆய்வகத்தில் ஒரு பொருள் குறைந்தாலும் உதவியாளர் வீட்டுக்குப் போகலாம். வளாகத்தில் உள்ள குடியிருப்பு, கூடவே குடும்பத்தார் வசிப்பவர்களுக்கு மட்டும். தனியாள் என்றால் காலி செய்ய வேண்டும். இவற்றையெல்லாம் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட அன்று காலையில் ஓர் அதிகாரி வந்திருந்தார். மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆய்வகச் சோதனை.

"நேத்து சாயங்காலம் தூசி தட்டிப் பூட்டிட்டுத்தான் மேடம் போனேன். விடுமுறைல மத்தியானம்தான் வருவேன். இன்னைக்கு மனசு கேக்கல, சீக்கிரமே வந்தேன். மாப்பிள்ளையைக் காணோம்."

"மாப்பிள்ளையா?"

"எந்நேரமும் பல்லைக் காட்டிட்டு நிப்பாரே, அதான் பசங்க வச்ச பேரு. அசல் எலும்பு மேடம். பிளாஸ்டிக் வாங்கக் காசில்லாத காலத்துல வந்தவர்."

ஏட்டம்மா சுற்றிப் பார்த்தார். பூட்டில் கீறல் இல்லை. மூலையில் சக்கரம் வைத்த இரும்புத் தாங்கி மட்டும் நின்றது. மாப்பிள்ளையின் முதுகுத்தண்டை அதில்தான் மாட்டியிருப்பார்கள். பக்கத்து மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதற்குள் தாங்கியின் திருகாணி.

"இதைக் கிண்ணத்துல போட்டது நீங்களா?"

"நான் தொடவே இல்லை மேடம்."

தலைமையாசிரியர் மூச்சிரைக்க வந்தார். வந்த வேகத்தில் தன் சொந்தப் பூட்டை எடுத்துக் காட்டினார். "இனி லேப் சாவி என்கிட்டதான். யாரும் உள்ள போகக் கூடாது. நான் சொல்றேன் மேடம், இந்த அம்மாதான் வித்திருக்கணும். எப்படியும் வேலை போகப் போகுதுன்னு கிடைச்சதைச் சுருட்டிட்டாங்க."

"யார் வாங்குவாங்க சார்?"

"அது... வாங்கறவங்க வாங்குவாங்க."

"சாவி வேற யார்கிட்ட இருந்தது?"

"ஆபீஸ்ல ஒண்ணு, குமாஸ்தா வசம். வாச்மேன்கிட்ட ஒரு கொத்து."

குமாஸ்தா கணினியின் முன்னால், கடிக்கப் போகும் நாயைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தான். இரண்டு விரலால் தட்டச்சு செய்துகொண்டிருந்தான்.

"நீங்க எடுத்தீங்களா தம்பி?"

"என் தலையையே இங்க காப்பாத்த முடியல மேடம், இன்னொரு தலை எனக்கெதுக்கு?"

"லேப் அம்மா, நீங்க, ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் இடம்னு பேச்சாமே. அந்த அம்மா போனா உங்களுக்கு லாபம்தானே?"

அவன் முகம் சுருங்கியது. "லாபம்தான். அதுக்காக அக்கா டிபன் பாக்ஸ்ல பாதி சாப்பிட்டு வளர்ந்தவன் அக்கா வயித்துல அடிப்பேனா? இங்க பேச இருக்கறதே அவங்க ஒருத்தங்கதான். வாச்மேன் அண்ணன் வாயே திறக்க மாட்டார். முன்னாடி அவரோட அண்ணன் வைக்கிற ரேடியோவாவது அலறும். படுத்த படுக்கை மனுஷன், ஆனா என்ன சத்தம்! ஜன்னலைச் சாத்தினாலும் கேக்கும். இப்ப கொஞ்ச நாளா நிம்மதி."

"எவ்வளவு நாளா?"

"தெரியலையே. நிம்மதிய யார் மேடம் கவனிக்கிறா?"

தலைமையாசிரியர் அறையில் அதிகாரி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். சுற்றறிக்கையை எழுதியது அவர் இல்லை என்பதை வந்ததிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"காலைல நீங்க எங்கெல்லாம் போனீங்க சார்?"

"வந்ததும் வாச்மேன் குடியிருப்பு. பாவம்மா அந்த அண்ணன்காரர். தொத்துற இருமல்னு வாச்மேன் சொன்னார், அதனால ஜன்னல் வழியாத்தான் பார்த்தேன். தலை வரைக்கும் போர்த்திக்கிட்டு சுவர் பக்கமாத் திரும்பிப் படுத்திருந்தார். வணக்கம் சொன்னேன், அசையவே இல்லை. இதோ, எழுதியே வச்சிருக்கேன்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: "'அண்ணன், வசிக்கிறார். மிகவும் மெலிந்த நிலை.'"

ஏட்டம்மா இரும வேண்டியதாயிற்று.

பத்தரை மணிக்கு அவர் பள்ளியின் பின்பக்கம் நடந்தார். மைதானத்தின் கோடியில் ஒற்றை அறை. வெளியே ஒரு பெஞ்சு. துணிக்கொடியில் இரண்டு காக்கிச் சட்டைகள் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. பெஞ்சில் காவலாளி உட்கார்ந்திருந்தார். மூடிய கதவை அவர் முதுகு இன்னொரு முறை மூடியிருந்தது.

"பெரியவரே, கொஞ்சம் நகருங்க, நானும் உக்காரறேன்."

நகர்ந்தார். இருவரும் காலி மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு கணக்கு இடிக்குது பெரியவரே" என்றார் ஏட்டம்மா. "விக்கறதுக்கு எடுத்தவன் தாங்கியோட எடுத்திருப்பான். தாங்கி இல்லாம மாப்பிள்ளை நிக்க மாட்டார். அந்த அம்மாவுக்குக் கெடுதல் பண்ண எடுத்தவன், திருகாணியைக் கழட்டி பத்திரமா கிண்ணத்துல போட மாட்டான். திரும்பக் கொண்டுவந்து மாட்டணும்னு நினைச்சவன்தான் போடுவான். அப்ப, ஒரு காலைப் பொழுதுக்கு மட்டும், நிக்க வேணாம், படுத்திருந்தாப் போதும்னு மாப்பிள்ளை யாருக்குத் தேவைப்பட்டார்?"

காவலாளியின் பார்வை துணிக்கொடிப் பக்கம் போனது.

"படுத்த படுக்கையா ஆள் இருக்கற வீட்டுக் கொடியில விரிப்பும் துண்டுமா நிறைஞ்சு கிடக்கும். இங்க ஒரு ஆள் சட்டைதான் காயுது. ரேடியோ வேற நின்னு போச்சு." குரலைத் தாழ்த்தினார். "அண்ணன் எப்ப இறந்தார்?"

அந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று எத்தனை நாள் காத்திருந்தாரோ, காவலாளியின் உதடு முதலில் அசைந்தது. பிறகுதான் குரல் வந்தது.

"போன விடுமுறைல. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கேயே எல்லாம் முடிச்சிட்டு வந்தேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"வந்தப்ப பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்துச்சு, யார்கிட்ட சொல்ல? திறந்தப்புறம் எல்லாரும் 'அண்ணன் எப்படி இருக்கார்?'னு கேட்டுட்டே நடந்து போயிடுவாங்க. நின்னு கேட்டிருந்தா சொல்லிருப்பேன். 'அப்படியே இருக்கான்'னு சொல்லி வச்சேன். பொய் இல்லையேம்மா. செத்தவன் அப்படியேதானே இருப்பான்."

"அப்புறம் சுற்றறிக்கை வந்துடுச்சு."

"ஆமா. இந்த ரூமை விட்டா எனக்குப் போக இடம் ஏது? பன்னெண்டுக்குள்ள திருப்பி மாட்டிடலாம்னு இருந்தேன். லேப் தங்கச்சி சீக்கிரம் வந்துடுச்சு. ஹெட்மாஸ்டர் புதுப் பூட்டைப் போட்டுட்டார். அது அழுதப்ப நான் தூணுக்குப் பின்னாடி நின்னேன். வெளிய வர கால் வரல."

ஏட்டம்மா எழுந்து கதவைத் திறந்தார். கட்டிலில் போர்வை மூடி மாப்பிள்ளை ஒருக்களித்துப் படுத்திருந்தார். தலைமாட்டில் ஒரு தம்ளர் தண்ணீர், தட்டு போட்டு மூடி இருந்தது.

"இது எதுக்கு?"

"தெரியலம்மா" என்றார் காவலாளி. "கட்டில்ல ஒரு ஆள் படுத்திருக்கறதைப் பார்த்ததும் கை தானா வச்சிருச்சு. ராத்திரி ரொம்ப நாள் கழிச்சு நல்லாத் தூங்கினேன்."

அடுத்து நடந்ததை அந்தக் காவல் நிலையத்தில் இன்றைக்கும் நம்ப மாட்டார்கள். ஏட்டம்மா தன் மழைக்கோட்டை மாப்பிள்ளைக்குப் போட்டு, தொப்பியை வைத்து, ஜீப்பின் முன் இருக்கையில் உட்கார வைத்தார். ஜீப் மைதானத்தைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தது. மேலதிகாரி யாரோ வருவதாக நினைத்துத் தலைமையாசிரியர் ஓடிவந்து சல்யூட் அடித்தார். மாப்பிள்ளை பல்லைக் காட்டினார்.

"எங்கம்மா கிடைச்சுது?" என்று அதிகாரி கேட்டார்.

"படுத்திருந்தார் சார். நாப்பது வருஷமா நின்ன அசதி போல."

பன்னிரண்டு மணிக்கு ஆய்வகத்தில் எல்லாப் பொருட்களும் இருந்தன. அதிகாரி கையெழுத்துப் போட்டார். லேப் அக்காவின் வேலை தப்பியது. அவர் மாப்பிள்ளையின் விலா எலும்புகளை ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கினார், சந்தோஷத்தில் வேறென்ன செய்வது என்று தெரியாமல். கதவோரம் நின்ற காவலாளியின் அறையும் தப்பியிருந்தது. 'வசிக்கிறார்' என்று எழுதியாகிவிட்டதே. ஏட்டம்மா அவரைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கு அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதிகாரி நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா.

"வாச்மேன், உங்க அண்ணன் நிலைமையைப் பார்த்து எனக்கு மனசே ஆறலை. நாளைக்கே ஒரு டாக்டரை அனுப்பறேன். சத்தான சாப்பாட்டுக்கும் எழுதிடறேன்."

காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "வேணாம் சார். அவன் செத்துட்டான்."

அதிகாரிக்குக் கண்ணாடி நழுவியது. "எப்ப? இப்பத்தானே பார்த்தேன்!"

"போன விடுமுறைல சார். நீங்க பார்த்தது இவரை." மாப்பிள்ளையைக் காட்டினார். "தங்கச்சி, உன் பொழைப்போட விளையாடிட்டேன். திட்டிடு."

லேப் அக்காவின் கையில் துணி நின்றது. முகம் சிவந்து, வாய் திறந்து, திட்டு தொண்டை வரைக்கும் வந்தது. "ஏண்ணே, என் பொழைப்புல மண்ணைப் போடப் பார்த்தியே!" என்றார். அடுத்த மூச்சில், "ஒரு வார்த்தை சொல்லலையேண்ணே. அத்தனை நாளும் தனியாவா இருந்தே?"

அதிகாரி எழுதியதை அடித்தார். அடிப்பதற்கு ஒரு கோடு போதும், அவர் அதை மெதுவாகப் போட்டார். அறையை மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும் என்று சொன்னார். சுற்றறிக்கையை எழுதியது தான் இல்லை என்பதை இந்த முறை சொல்லவில்லை. காவலாளி தலையசைத்துவிட்டுத் தாழ்வாரத்தில் இறங்கி நடந்தார்.

அவர் தன் அறைக்குப் போய்ச் சேர்ந்து பெஞ்சில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், மைதானத்தின் குறுக்கே லேப் அக்கா வந்தார். பின்னால் குமாஸ்தா, தலைக்கு மேல் ஒரு நாற்காலியோடு. பிறகு தலைமையாசிரியர், சந்தேகப்பட்ட வெட்கத்தில் கொஞ்சம் தள்ளி. துக்கம் கேட்க வந்திருந்தார்கள். ரொம்பத் தாமதமாக வந்தவர்களுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஜீப் வாசலில் நின்றது. போக வேண்டிய ஏட்டம்மாவும் போகாமல் சுவரில் சாய்ந்து நின்றார்.

குமாஸ்தாதான் கடைசியில் வாயைத் திறந்தான். "அண்ணே, உங்க அண்ணன் எப்படிப்பட்ட ஆளு?"

கேட்டுவிட்டு அவன் நடந்து போய்விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மோசமான ஆளு" என்று ஆரம்பித்தார் காவலாளி. "சீட்டாடினா கூடப் பொறந்தவனையே ஏமாத்துவான். ஒரு நாள் என்ன பண்ணினான் தெரியுமா..."