இயல்பாகிப்போன வலி

ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரையும்போலத் திருஞானமும் மணிக்கட்டை நீட்டினார். அதிலிருந்த வலியளவிப் பட்டை பத்துக்கு இரண்டு என்றது. கதவு திறக்கவில்லை. ஐந்துக்குக் கீழே இருந்தால் மருத்துவரைப் பார்க்க முடியாது. பதினாறு வருடமாக அதுதான் சட்டம்.

"முதுகு உசிரு போகுதுங்க," என்றார் ஊழியரிடம்.

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க. பட்டை சொல்லோணுமே."

அந்தப் பட்டையை உருவாக்கியவள் அவர் மனைவி பூங்கோதை. தோலடி நரம்புகளின் துடிப்பை வலியின் எண்ணாக மாற்றும் உணரி அது; அவளுடைய முப்பது வருட ஆராய்ச்சி. அதற்கு முன் பெண்களும் ஏழைகளும் வலிக்கிறது என்றால் மருத்துவர்கள் லேசில் நம்பியதில்லை. அந்த அநியாயம் ஒழியட்டும் என்றுதான் செய்தாள்.

வீட்டில் அவர் சொன்னபோதும் அவள் பட்டையைத்தான் பார்த்தாள். "ரெண்டுதானுங்க காட்டுது. கொஞ்சம் நடங்க, சரியாப் போயிரும்."

மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் சொல்வதை விட்டுவிட்டார்.

எட்டு மாதம் கழித்துக் குளியலறையில் விழுந்தார். கால்கள் அசையவில்லை. ஸ்கேனில் முதுகெலும்பு நெடுகப் புற்று.

பூங்கோதை ஆய்வகத்தில் அவருடைய பட்டையின் மூலப்பதிவுகளைத் திறந்தாள். வலி நாளுக்குக் கொஞ்சமாக ஏறியிருந்தது. மெல்ல ஏறி நிலைத்துவிடும் எதையும் அந்த உடம்பின் இயல்பென்று கொண்டு, அதைக் கழித்துக் காட்டும் விதி ஒன்று கருவிக்குள் இருந்தது. அவளே எழுதியது. உண்மையான எண் ஒன்பது.

படுக்கையருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். "எம்மேல கோவமில்லீங்களா?"

"நீ செஞ்சது தப்பாக் காட்டாதுன்னு நெனச்சேன், கோதை. எனக்குத்தான் மனசுல ஏதோ கோளாறுன்னு இருந்துட்டேன்."

பத்தொன்பதாம் நாள் அவர் இறந்தார்.

காரியம் முடிந்த மறுநாளே பூங்கோதை அந்த விதியை நீக்கினாள். தவறு தன்னுடையது என்று மருத்துவ வாரியத்துக்கு எழுதிக் கையெழுத்திட்டாள். திருத்தம் எல்லாப் பட்டைகளுக்கும் போய்ச் சேர்ந்த காலையில் கோவையின் ஆஸ்பத்திரிகள் முன் சனம் தெருமுனை தாண்டி நின்றது. சிலரைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள்.

வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம், "எத்தனை நாளா வலிக்குதுங்க?" என்று பூங்கோதை கேட்டாள்.

"ஆறு வருசமுங்க," என்றாள் அவள். "வலின்னே மறந்துட்டனுங்க."