அந்த இன்னொருத்தி எங்கே?

“எங்க அக்காவைக் கொன்னது யாருன்னு எனக்குத் தெரியும் சார். ஆமா, அவன்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். புகார்ல கையெழுத்துப் போட்டுடுவேன்.”

வந்தவள் தையற்காரி. நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். எதிரே இருந்த பெரியவர் பதில் சொல்ல அவசரப்படவில்லை. போலீஸ் தடயவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது வீட்டிலிருந்தே துப்புத் துலக்கிக் கொடுப்பவர். எதற்கும் பதறாத மனிதர் என்பதால் அங்கே ஒட்டிக்கொண்ட ‘நிதானம்’ என்ற பட்டப்பெயர் வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது. அவருடைய உதவியாளர் அதற்கு நேரெதிர். பத்திரிகை நிருபராக இருந்து, ஆசிரியரின் மேஜையில் அடையாள அட்டையை விட்டெறிந்துவிட்டு வந்தவள். அவளைப் ‘பட்டாசு’ என்றால்தான் யாருக்கும் தெரியும்.

“யாரும்மா அவன்?” என்று பட்டாசு முந்திக்கொண்டாள்.

“அந்த ஆராய்ச்சிக்கூடத்து டெக்னீஷியன். அக்காவோட டியூபையும் இன்னொரு பொம்பளையோட டியூபையும் மாத்தி வச்சுட்டான்.”

தையற்காரி சொன்னது இதுதான். அவளுடைய அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். மார்பில் கட்டி வந்தது; அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். அது எந்த வகை என்று மருத்துவமனைச் சோதனையில் தெளிவாகத் தெரியாததால், திசுவில் ஒரு துண்டை மரபணு ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ‘ஹார்மோனால் வளரும் சாதுவான வகை, கீமோ வேண்டாம், மாத்திரை போதும்’ என்று பதில் வந்தது. அன்றைக்கு இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒரு வருஷம் முடிவதற்குள் நோய் நுரையீரலில் முளைத்தது. மருத்துவமனையில் மீதமிருந்த திசுவை மறுபடி சோதித்தபோதுதான் உண்மை வெளிவந்தது. அது ஹார்மோன் மாத்திரைக்கு அசையாத, மூர்க்கமான வகை. ஆரம்பத்திலேயே கீமோ கொடுத்திருக்க வேண்டும்.

“கடைசி வரைக்கும் அந்த மாத்திரையை ஒரு வேளை தவறாமச் சாப்பிட்டா சார்,” என்றாள் தையற்காரி.

மறுநாள் காலை ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநர் மூவரையும் தன் அறையில் வரவேற்றார். அறை குளிர்ப்பெட்டி மாதிரி இருந்தது; பட்டாசு துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இயக்குநர் மட்டும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி இருந்தார். சுவரில் அவர் இடது மணிக்கட்டில் கடிகாரம் மின்ன, ஏதோ விருதைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்கும் படம்.

“மனுஷன் செய்யிற தப்புதான். என்ன சொல்லி உங்களைத் தேத்துறதுன்னே தெரியலைம்மா,” என்றார் தையற்காரியிடம். “அந்த டெக்னீஷியனை உடனே நிறுத்திட்டோம். அவனும் மறுக்கலை.”

“அக்கா ரொம்பப் பட்டுட்டா சார். மாத்திரை சாப்பிட்டதும் உடம்பெல்லாம் அனல்னு புலம்புவா.”

“தெரியும்மா. முதுகுத்தண்டுல இருந்து ஒரு சூடு கிளம்பும். தீக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும். சட்டை நனைஞ்சுடும். ஒரு நிமிஷத்துல குளிரும்,” என்றார் இயக்குநர்.

நிதானம் தலையாட்டினார். “அன்னிக்கு மெஷின்ல வச்ச திசு மிச்சம் இருக்கா?”

இருந்தது. இயக்குநரின் இடது தோளுக்கு மேலேயே குளிர்ப்பெட்டியின் கதவு. அவர் எழுந்து, உடம்பை முழுக்கத் திருப்பி, வலது கையால் அதைத் திறந்து காட்டினார். பார்த்தாகிவிட்டது என்று ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். எழுதும்போது வலது மணிக்கட்டில் இருந்த கைக்கடிகாரம் மேஜையில் இடித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த அறையில் கணினி முன்னால் ஆராய்ச்சி மாணவி. கேட்டதற்கெல்லாம் பொறுமையாக விளக்கினாள். “மார்பகப் புற்றுநோய்னு ஒரே பேர் சொல்றோம் சார், ஆனா அது ஒரே நோய் இல்லை. கட்டிக்குள்ள எந்த மரபணு சத்தமாப் பேசுது, எது வாயை மூடிட்டு இருக்குன்னு மெஷின் அளக்கும். அந்தப் பேச்சை வச்சுத்தான் வகை பிரிப்போம். வகை தப்பினா மருந்து தப்பும்.”

“அந்தத் தடவை மெஷின்ல சேர்ந்து ஓடின மத்த பெண்களோட திசு?” என்று கேட்டார் நிதானம்.

“எல்லாருக்கும் மறுபடி சோதிச்சுட்டோம். ஒருத்தருக்கும் தப்பில்லை.”

“எல்லா மரபணுவையும் பாப்பீங்களாம்மா?”

“ஆணா பெண்ணான்னு காட்டுற சிலதை மட்டும் முதல்லயே ஒதுக்கிடுவோம் சார். இங்க வர்றவங்க எல்லாரும் பெண்கள்தானே.”

“நாளைக்கு எல்லாரும் கூடுறதுக்குள்ள, அக்காவோட அளவுகளை ஒரு தடவை ஒதுக்காமப் பாருங்க. இயக்குநர் கிட்ட இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.”

திரும்பும் வழியில் பட்டாசுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “சார், டெக்னீஷியனைப் பாக்கவே இல்லையே!”

“அவர் என்ன சொல்வார்? நான்தான் செஞ்சிருப்பேன்னு சொல்வார். அதுல எனக்கு என்ன தெரியப்போகுது?”

மறுநாள் கூட்ட அறையில் ஐவரும் நிதானத்தின் எதிரே இருந்தார்கள். டெக்னீஷியன் கதவோரம் நின்றார். நடுவயது மனிதர், பல நாள் தாடி. தையற்காரி அவர் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

“ரெண்டு டியூப் இடம் மாறிடுச்சுன்னு எல்லாரும் சொல்றீங்க,” என்று தொடங்கினார் நிதானம். “ரெண்டு பேர் செருப்பு மாறிப்போனா, ரெண்டு பேருக்கும்தான் கால் கடிக்கும். அக்காவுக்கு இன்னொருத்தியோட சாதுவான நோய் போச்சுன்னா, அந்த இன்னொருத்திக்கு அக்காவோட மூர்க்கமான நோய்னு பதில் போயிருக்கணும். அப்படி யாருமே இல்லை. அந்த இன்னொருத்தி எங்க?”

தையற்காரி முதல்முறையாக டெக்னீஷியன் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப எதுவும் மாறலை. அக்காவோட டியூப் ஓரமா வைக்கப்பட்டிருக்கு. அவங்க பதிவு எண்ணை மேல ஒட்டின வேற ஒரு டியூப் வெளியில இருந்து வந்து அந்த இடத்துல உக்காந்திருக்கு. ஒரு ரத்தக் கறை கிடைச்சா எங்க பழைய வேலையில முதல்ல கேக்குற கேள்வி, ஆணா பெண்ணாங்கறதுதான். நீங்க சொல்லுங்கம்மா.”

ஆராய்ச்சி மாணவி கையிலிருந்த அச்சுத்தாளைப் புரட்டினாள். “பெண் உடம்புல மட்டும் பேசுற மரபணு இதுல ஊமையா இருக்கு சார். ஆண்கிட்ட மட்டும் இருக்கிறது பேசுது. அந்தத் திசு… ஒரு ஆம்பளையோடது.”

“ஆம்பளைக்கு மார்பகப் புற்றுநோயா?” என்றாள் தையற்காரி.

“அபூர்வமா வரும்மா. வந்தா பெரும்பாலும் ஹார்மோன் வகைதான், அதே மாத்திரைதான்,” என்றார் நிதானம். “அறுவை பண்றப்ப அக்குள்ல இருந்தும் கொஞ்சம் திசு எடுத்துடுவாங்க. அந்தப் பக்கத்துக் கை வீங்கும். அதுல இறுக்கமா எதையும் கட்டாதேன்னு சொல்வாங்க. சுவர்ப் படத்துல இயக்குநர் ரெண்டு கையையும் உயரத் தூக்கியிருக்காரு. கடிகாரம் இடது கையில. இப்ப எழுதுற கையிலேயே கட்டிக்கிட்டு அவஸ்தைப்படறாரு. பக்கத்துல இருக்கிற கதவைத் திறக்க இடது கை மேல போகலை. நாங்க நடுங்கின அறையில அவருக்கு வேர்த்துது. அந்த மாத்திரையோட சூடு முதுகுத்தண்டுல எங்க கிளம்பும்னு நோயாளியைப் பாக்காத ஒரு ஆராய்ச்சியாளர் சொன்னாரு. புத்தகத்துல அப்படி எழுதியிருக்காது.” அவர் இயக்குநரைப் பார்த்தார். “மிச்சத் திசு பத்திரமா இருக்கு. உங்க எச்சில் ஒரு துளி இருந்தாப் போதும்.”

இயக்குநர் கைக்குட்டையை மேஜைமேல் வைத்தார்.

“ஊர் பூரா மேடையேறி இந்த நோயைப் பத்திப் பேசினவன் நான்,” என்றார். “எனக்கே வந்தப்ப வெளிய சொல்லக் கூசிப்போச்சு. ஆம்பளைக்கு மார்புல நோய்னு பசங்க சிரிப்பாங்கன்னு தோணுச்சு. தூரத்துல போய் அறுவை பண்ணிக்கிட்டேன். வகை என்னன்னு என் மெஷின்ல பாத்தாத்தான் மனசு ஆறும். ஆனா பதிவான எண் இல்லாம மெஷின் எதையும் எடுக்காது. அவங்க திசு வெறும் ஆராய்ச்சிக்கு வந்ததுன்னு நினைச்சேன். அடுத்த தடவை அவங்களுதை ஓட்டிடலாம்னு இருந்தேன். நான் சிகிச்சைக்குப் போயிருந்தப்ப மருத்துவமனை கேட்டிருக்கு, பதில் போயிடுச்சு.”

“திரும்பி வந்தப்ப அக்கா உயிரோடதானே சார் இருந்தாங்க?” என்று வெடித்தாள் பட்டாசு. “ஒரு போன் பண்ணியிருந்தா கீமோ தொடங்கியிருப்பாங்களே!”

“தினமும் போனை எடுத்தேன்.”

“எடுத்து?”

அவர் கடிகாரத்தைக் கழற்றிக் கைக்குட்டைமேல் வைத்தார்.

தையற்காரி எழுந்து மேஜையருகே வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்துப் பட்டாசு அவள் முழங்கையைத் தொட்டாள். ஆனால் அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள். “இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?”

இயக்குநர் தலை நிமிரவில்லை. “குணமாகிடும்னு சொல்றாங்க.”

“அந்த ரிப்போர்ட் உங்களுக்குச் சரியாத்தான் இருந்திருக்கு,” என்றாள் அவள்.

இயக்குநர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவரைத் தேற்ற அந்த அறையில் யாரும் அசையவில்லை. பிறகு அவரே தாளை இழுத்து நடந்ததை எழுதினார். நிதானம் அதை ஒரு வரி விடாமல் படித்து, மாணவியைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

வெளியே தாழ்வாரத்தில் டெக்னீஷியன் சுவரில் சாய்ந்து நின்றார். விடுதலையான மனிதனின் முகமாக அது இல்லை. தையற்காரி அவரைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தாள்.

“அண்ணே, உங்க புள்ளைகுட்டியைச் சேத்து உங்களைச் சபிச்சேன். ஒரு நாள் விடலை.”

“பரவாயில்லைம்மா,” என்றார் அவர். “நானும் அதேதான் செஞ்சிட்டு இருந்தேன். என் கைதான் எங்கயோ தவறிடுச்சுன்னு, படுத்தா அந்தக் கையையே பாத்துட்டுக் கிடப்பேன்.”

அவள் அவருடைய கையைப் பற்றிக்கொண்டாள். பேசாமல் இருக்கத் தெரியாத பட்டாசு, அன்றைக்குப் படியிறங்கித் தெருவுக்கு வரும்வரை வாய் திறக்கவில்லை.